கால்பந்து கிளப் நிர்வாகக் குறைபாடுகளும் வீரர்கள் விலகலும்: கோரிக்கை மனு

பெறுநர்: தலைவர், தமிழ்நாடு கால்பந்து சங்கம்
நகல்: அனைத்திந்திய கால்பந்து சம்மேளனம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்
அனுப்புநர்: கால்பந்து ரசிகர் சங்கம், கோயம்புத்தூர்
பொருள்: தொழில்முறை கிளப்புகளின் நிர்வாகத்தை முறைப்படுத்துதல், வீரர்களைத் தக்கவைத்தல் தொடர்பாக.

1. நிலவரம்
2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. தொடக்கத்திலேயே கோல் வாங்கிய அணியை பெட்ரோ மான்சியின் பெனால்டி மீட்டது. அடுத்த இரு கோல்களையும் அடித்தவர் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. ஈஸ்ட் பெங்காலை 1 புள்ளியில் முந்திய அந்த அணி, 2021-22 ஐ-லீக்கில் இடம்பெறவே இல்லை.

2. விலகல்கள்
பட்டம் வென்ற ஆண்டிலேயே சென்னை சிட்டி வீரர் எட்வின் வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்கு மாறினார். அந்த சீசனில் 21 கோல் அடித்த மான்சி, 2020 தொடக்கத்தில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். அதே அணியின் நெஸ்டர் கோர்டிலோ ஹைதராபாத் எஃப்.சி.யில் சேர்ந்தது ஒப்பந்த மீறல் என முடிவாகி, அவருக்கு 4 மாதத் தடை விதிக்கப்பட்டது. ஆனாலும் கலைந்த அணி மீண்டும் கூடவில்லை.

3. காரணங்கள்
அக்காலத்தில் ஐ-லீக் சாம்பியனுக்கு மேல்நிலைத் தொடரான இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கதவு திறக்கவில்லை, அந்த வாய்ப்பு முதன்முதலாக 2023இல் பஞ்சாப் அணிக்குத்தான் கிடைத்தது. மேல்நிலையில் ஆட விரும்பிய வீரருக்கு கிளப்பை விட்டு விலகுவதே வழியாக இருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியும் அணியின் நிலை உறுதிப்படவில்லை. 2020 மார்ச்சில் மாலத்தீவின் மாஸியா கிளப்புக்கு எதிரான ஏ.எஃப்.சி. கோப்பைச் சொந்த மைதான ஆட்டம்கூட அகமதாபாத்தில்தான் நடந்தது.

ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தத்தின் கடைசி 6 மாதத்தில் வீரர் வேறு கிளப்புடன் பேசலாம். ஒப்பந்தம் முடிந்தபின் மாற்றுத்தொகை இன்றி வெளியேறலாம். புதுப்பிக்கும் பேச்சைத் தள்ளிப்போடும் நிர்வாகம் ஆளையும் இழக்கிறது, பணத்தையும் இழக்கிறது. 2 மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால், எழுத்துப்பூர்வமாக 15 நாள் அவகாசம் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையும் வீரருக்கு உண்டு. எனவே விலகலை வீரரின் விசுவாசக் குறைவாக மட்டும் பார்ப்பது பொருந்தாது.

4. கோரிக்கைகள்
அ) சீசன் தொடங்குமுன் சம்பளத்துக்கான வங்கி உத்தரவாதத்தை ஒவ்வொரு கிளப்பிடமும் பெற வேண்டும், சம்பளம் பட்டுவாடா ஆனதற்கான சான்றை 3 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.
ஆ) பதிவான ஒப்பந்தத்தின் நகலும் தமிழில் அதன் விளக்கமும் வீரரின் கையில் தரப்பட வேண்டும்.
இ) முதன்மை வீரர்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு, அது முடிய ஓராண்டு இருக்கும்போதே தொடங்க வேண்டும்.
ஈ) சர்வதேச மாற்றுத்தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை வீரரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்கு உரியது. உள்ளூர் கிளப்புகள் அதைப் பெற உதவிப் பிரிவு அமைக்க வேண்டும்.
உ) கோவை நேரு ஸ்டேடியத்தை ஆசியப் போட்டிகளின் தரத்துக்கு உயர்த்த வேண்டும்.
ஊ) கிளப் உரிமம் வழங்கும்போது, ரசிகர் பிரதிநிதி ஒருவரை ஆலோசனைக் குழுவில் சேர்ப்பதை நிபந்தனையாக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்