சமன்பாட்டுக்கும் மொழி உண்டு

வேதிச் சமன்பாட்டுக்கு மொழி கிடையாது என்று சொல்வது கல்வியாளரிடையே வழக்கமாகிவிட்டது. குறியீடுகள் உலகப் பொதுவானவை. அவற்றை எழுதக் கற்றுவிட்டால் தமிழ்வழி, மலையாளவழி என்ற வேறுபாடே இல்லை என்பது அவர்தம் வாதம். முற்பகுதி உண்மை; முடிவு பிழை.

பாலக்காட்டு எல்லையிலுள்ள கோவிந்தாபுரத்தை எடுத்துக்கொள்வோம். எல்லைக்கு இப்பால் பொள்ளாச்சிப் பக்கத்துப் பாடநூல் 'வேதிவினை' என்கிறது. அப்பால் மலையாள வகுப்பில் அது 'ராசப்பிரவர்த்தனம்'. இங்கே வினைபடுபொருள், அங்கே அபிகாரகம். யாழ்ப்பாணத்து மாணவருக்கோ அது 'இரசாயனத் தாக்கம்'. சொற்கள் பலவாக இருப்பது குற்றமன்று. எந்தச் சொல்லைக் கொண்டும் ஒரு வாக்கியம் அமைக்கப் பழக்காமல், நேரே எண்களைச் சமன்செய்யும் கணக்குக்குப் பிள்ளைகளை இழுத்துச் செல்வதே குற்றம். அம்புக்குறி ஒரு வினைச்சொல். அதை வாசிக்கத் தெரியாதவர் சமன்செய்வது வெறும் எண் விளையாட்டு.

கோவிந்தாபுரம் அடங்கிய முதலமடை ஊராட்சி மாம்பழத்துக்குப் பேர்பெற்றது. மாங்காய் வணிகம் நடக்கும் ஊர்களில் கார்பைடு கல் என்ற பெயர் புதிதன்று. பாடம் அங்கிருந்தே தொடங்கலாம்:

கால்சியம் கார்பைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு + அசிட்டிலீன்

கல்லில் ஈரம் பட்டால் வாயு வெளியேறும். நீற்றிய சுண்ணாம்பு எஞ்சும். இவ்வளவுதான் வாக்கியம். 64 கிராம் கல்லும் 36 கிராம் நீரும் வினைபுரிந்தால் 74 கிராம் சுண்ணாம்பும் 26 கிராம் வாயுவும் கிடைக்கும். இரு பக்கமும் 100 கிராம். 1789இல் லவாய்சியே தம் நூலில் எழுதிவைத்த நிறை மாறா விதி இதுவே. நீருக்கு முன்னால் 2 ஏன் வருகிறது என்பதும் இதன் பிறகே பொருள்படும்: சுண்ணாம்புக்கு இரண்டு, அசிட்டிலீனுக்கு இரண்டு என நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் வேண்டும், ஒரு நீர் மூலக்கூறு தருவது இரண்டையே.

சமன்பாடு சொல்லாமல் விடுவதும் உண்டு. தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் மாசுகள் இருக்கலாம். பழுக்கவைக்க அதைப் பயன்படுத்துவதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை விதித்திருப்பதற்கான காரணங்களுள் இது முக்கியமானது. மேலே உள்ள வரியில் இந்த நஞ்சுக்கு இடமே இல்லை. குறியீடு போதும் என்போர் இதை எந்த மொழியில் சொல்லித்தருவார்கள்?

தமிழில் இயலுமா என்ற ஐயம் எழுப்புவதும் காலங்கடந்த செயல். மருத்துவர் பிஷ் கிறீன் முயற்சியால் 'கெமிஸ்தம்' 1875இலேயே வெளிவந்தது. 1916இல் சேலத்தில் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் அமைத்தவர்களுள் ஒருவரான இராஜாஜிதான் 'திண்ணை ரசாயனம்' எழுதியவரும். இன்று கேரள அரசே தமிழ்வழிப் பாடநூல்களை வெளியிடுகிறது. நூல் இருக்கிறது, சொல் இருக்கிறது, கேள்விதான் மாறவில்லை. கோடிட்ட இடத்தில் 2 என்று நிரப்பியவருக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அக்கேள்விக்குக் கீழே 'இதை உம் சொற்களில் ஒரு வாக்கியமாக எழுதுக' என்று ஒரு வரி சேர்க்க எந்த ஆசிரியருக்கும் அரசாணை தேவையில்லை.