கண் எழுதும் கலை

சென்ற மாதத்து மாலையொன்றில் என் தம்பியின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பாடசாலைத் தமிழ்மொழித்தினப் போட்டிக்கான நாடகமொன்றிற் கண்ணகி வேடம் பூணவிருந்த என் பெறாமகள், முன்விறாந்தைத் தூணிற் கண்ணாடியொன்றைச் சார்த்தி வைத்துத் தன் கண்களை எழுதிக்கொண்டிருந்தாள். அருகே கைத்தொலைபேசியில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் அதே வேலையைச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கண் முடிந்திருந்தது, மற்றையது வெறுமையாயிருந்தது. ஒரே முகத்தில் இரு பெண்கள் குடியிருப்பது போன்றதொரு தோற்றம்.

அவளுடைய தாயாருக்கு இந்த வீட்டு முயற்சியில் நம்பிக்கையில்லை. போட்டி நாளன்று அழகு நிலையத்திற்குக் கூட்டிச் சென்றால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர் எண்ணம். சாய்மனைக் கதிரையிலிருந்த தம்பியோ, "படிக்கிற பிள்ளைக்கு உந்தக் கோலம் என்னத்துக்கு? அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ" என்றான். மூவரும் என்னைப் பார்த்தார்கள். நாடகம் பழக்கி நரைத்தவன் நான். தீர்ப்புச் சொல்லக் கடமைப்பட்டவன். எனினும் அன்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஏன் மழுப்பினேன் என்பதையும், சொல்லியிருக்க வேண்டிய விடை எதுவென்பதையும் இங்கே எழுத முற்படுகிறேன்.

முதலிற் சொல்லைக் கவனிப்போம். கண்ணுக்கு மை பூசுதலைத் தமிழ் 'எழுதுதல்' என்கிறது. ஓவியத்திற்கும் ஏட்டிற்கும் வழங்கும் அதே வினைச்சொல் விழிக்கும் வழங்குகிறது. மையுண்ட கண்ணை 'உண்கண்' என்று ஒரே சொல்லிற் சுட்டும் மொழி நம்முடையது. அறநூலாசிரியர் எனப் போற்றப்படும் வள்ளுவரும் இக்கலையை இழிவாகக் கருதியவரல்லர். காதற்சிறப்புரைத்தல் அதிகாரத்திலே, காதலன் கண்ணினுள் உறைவதால் எழுதினால் மறைந்துவிடுவான் என அஞ்சி மை தீட்டாதிருக்கும் ஒருத்தியை அவர் காட்டுகிறார். புணர்ச்சிவிதும்பலிலே, மை தீட்டும் வேளையில் மிக அருகே வரும் தூரிகையைக் கண்ணே காண்பதில்லை என்ற நுண்ணிய அனுபவத்தை உவமையாக்கியிருக்கிறார். கண்ணெழுதும் பெண்ணைக் கூர்ந்து நோக்கியவனுக்கன்றி இவ்வுவமை தோன்றாது. ஆகவே, படிப்பிற்கும் பண்பிற்கும் மை பகை என்போர் தம் பக்கத்திற்கு வள்ளுவரைச் சாட்சியாக அழைத்தல் இயலாது.

இந்நாட்டுச் சிங்கள விகாரைகளிற் புத்தர் சிலை நிறைவுறும்போது நேத்திர மங்கல்யம் என்னுஞ் சடங்கு நிகழ்கிறது. சிலையின் மற்றெல்லா உறுப்புகளும் முடிந்தபின் இறுதியாகவே கண் எழுதப்படும். எழுதுபவன் சிலையை நேரே பாராமல், கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்த்தே கோடிடுவான். நம் கோயில்களிலும் திருவுருவங்களுக்குக் கண் திறத்தல் தனிச் சடங்காகவே நடைபெறுகிறது. கண் எழுதப்படும் வரை அது கல். எழுதப்பட்டபின் அது நம்மைப் பார்க்கிறது. விறாந்தைத் தூணருகே கண்ணாடியும் கையுமாக இருந்த சிறுமியைக் கண்டபோது இச்சடங்குதான் என் நினைவிற்கு வந்தது.

இனி அரங்கிற்கு வருவோம். நடிப்பை ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்துவிகம் என நான்காக வகுத்த நாட்டிய சாத்திரம், ஒப்பனையையும் உடையையும் ஆகாரியம் என ஓர் அபிநயமாகவே கொண்டது. அதே நூல் முப்பத்தாறு வகைப் பார்வைகளை வகுத்து இலக்கணம் கூறுகிறது. முப்பத்தாறு பார்வைகளையும் ஒரு நடிகை பயின்று வந்தாலும், கடைசி வரிசையில் இருப்பவனுக்கு அவள் கண்ணே தெரியாதாயின் அப்பயிற்சி யாருக்காக? கேரளத்துக் கதகளி நடிகன் அரங்கேறுமுன் சுண்டைச் செடியின் பூவிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய சிறு மணியொன்றைக் கீழிமைக்குள் வைத்துக் கண்ணின் வெண்மையைச் சிவக்கச் செய்கிறான். விளக்கொளியில் அச்சிவப்பின்மீது கருவிழி உருளும்போது பார்வையாளன் சுவையை உணர்கிறான். பேசாத படக்காலத்தில், சிவப்பொளியை உணராத படச்சுருளில் முகங்கள் இயற்கைக்கு மாறாகப் பதிந்தமையால், நடிகர்கள் கண்ணைச் சுற்றிக் கனமாகக் கருமை தீட்டினர். எங்கும் காரணம் ஒன்றே. ஒளியும் தூரமும் முகத்திலிருந்து களவாடுவதை ஒப்பனை திருப்பிக் கொடுக்கிறது.

நமது கூத்தின் வரலாறும் இதற்குச் சான்று. வட்டக்களரியில் ஆடுபவனைச் சுற்றி ஊர் அமர்ந்திருந்தது. முகத்திற்கும் முகத்திற்கும் இடையே தூரம் குறைவு. 1956இல் சரச்சந்திரரின் 'மனமே' சிங்கள அரங்கிற்குப் புதுவழி காட்டியது. 1960களிற் பேராதனையிலே பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மின்னொளி பாயும் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். அவர் அளித்த 'கர்ணன் போர்' 1962இல் அரங்கேறியது. களரி மேடையானபோது பார்வையாளன் ஒரு பக்கத்திற்குச் சென்றான்; தூரமும் கூடியது. ஆட்டத்தைச் சுருக்குவது பற்றியும் பாட்டைச் செப்பஞ்செய்வது பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கண் எவ்வளவு தூரம் செல்லும் என்பது பற்றிப் பேசியது குறைவு.

இவற்றையெல்லாம் இன்று அடுக்கிச் சொல்கிறேன். ஆயின் 1994ஆம் ஆண்டில் நான் இவற்றை அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தும் உணர்ந்திருக்கவில்லை என்பதே பொருந்தும்.

அப்பொழுது நான் வலிகாமத்துப் பாடசாலையொன்றில் இளம் ஆசிரியன். குடாநாட்டில் மின்சாரமில்லை. மண்ணெண்ணெய் பொன்னைப் போன்றது. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த சிறு சுடரில் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். அக்காலத்திலும் நாடகம் போட்டோம். அதுவே எங்களுக்கு மூச்சாக இருந்தது. பாரதக் கதையிற் பாஞ்சாலியாக நடித்த மாணவி மிகவும் ஏழை வீட்டுப் பிள்ளை. நாடக நாளன்று மாலை அவள் கண் எழுதிக்கொண்டு வந்தாள். பேர்த்தியார் ஏற்றிய தேங்காயெண்ணெய் விளக்கின்மேல் மண்சட்டியைக் கவிழ்த்துப் பிடித்த கரியை நெய்யிற் குழைத்துத் தானே செய்த மை. புருவம் வில்லாக வளைந்திருந்தது. கடைக்கண்ணிலிருந்து ஒரு கோடு கன்னப்பொறியை நோக்கி நீண்டிருந்தது. அருகே நின்று பார்த்த எனக்கு அது பயங்கரமாகத் தோன்றியது. "இது பள்ளிக்கூடம், கூத்துக் கொட்டகையில்லை" என்று சொல்லி என் கைக்குட்டையை நீட்டினேன். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. துடைத்தாள். கண்ணீரிற் கரைந்து கரி கன்னமெல்லாம் பரவவே, கிணற்றடிக்குச் சென்று கழுவிக்கொண்டு வந்தாள்.

மேடையின் மேலே இரண்டு பெற்றோமக்ஸ் விளக்குகளைத் தூக்கியிருந்தோம். உச்சியிலிருந்து விழுந்த ஒளியிற் புருவத்தின் நிழல் கண்ணை மூடிற்று. சபையிலே நீதி கேட்டு நிமிர்ந்த பாஞ்சாலியின் முகத்தில் இரண்டு குழிகளே தெரிந்தன. குரல் வந்தது, வசனம் பிசகவில்லை, ஆயினும் சபை அசையவில்லை. நாடகம் முடிந்தபின் முதிய அண்ணாவியார் ஒருவர் என்னை அழைத்து, "வாத்தியார், பாஞ்சாலியின்ரை குரல் வந்தது; கண்ணை எங்கை விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். அடுத்த நாடகத்திற்கு அம்மாணவியை அழைத்தபோது, "எனக்கு வேண்டாம் சேர்" என்றாள். 1995 ஐப்பசி இடப்பெயர்வோடு ஊர் சிதறியது. அதன்பின் அவளை நான் காணவில்லை.

அவள் சரியாகவே செய்திருந்தாள் என்பதைப் பல ஆண்டுகள் மேடையின் பின்வரிசையில் நின்று பார்த்தே கற்றேன். அரங்கிற்கான கண்ணை அண்மையிற் பார்த்து மதிப்பிடுதல் கூடாது. அது கோபுரத்துச் சுதைச் சிற்பம் போன்றது. அருகிற் பெருத்தும் தூரத்தில் அளவாகவும் தோன்றுவது. வீட்டிலே செய்துபார்க்க விரும்பும் மாணவருக்காக நான் கற்றவற்றைச் சொல்கிறேன்.

முகத்தைக் கழுவி உலர்த்தி, மெல்லிய பூச்சும் பவுடரும் இட்டபின்பே கண்ணிற்குச் செல்க. முதலிற் புருவம். அதன் இயற்கை வளைவைச் சற்றே உயர்த்தி எழுதினால் கண்ணிற்கு மேலே வெளி பிறக்கும். மேலிருந்து விழும் நிழலை அது எதிர்க்கும். அவ்வெளியில் வெளிறிய நிறமும், இமை மடியும் பள்ளத்திற் கபில நிறமும் இட்டால் விழி முன்னே வரும். மேலிமைக் கோடு மூக்கருகே மெலிந்து தொடங்கிக் கடைக்கண்ணிற் தடித்து, விளிம்பைத் தாண்டிச் சற்று மேல்நோக்கிச் செல்லட்டும். கீழ்க்கோட்டிற்றான் நுட்பம் இருக்கிறது. இமைமயிரை ஒட்டி எழுதினால் கண் சிறுக்கும். மயிருக்குச் சிறிது கீழே எழுதி, இடைப்பட்ட சிறு வெளியில் வெள்ளை தீட்டினால், அந்த வெண்மையும் கண்ணின் வெண்மையாகவே தூரத்திற்குத் தோன்றும். இரு கோடுகளையும் கடைக்கண்ணில் முற்றாக மூடிவிடாது சிறிது திறந்து விடுவதே நன்று. மூடினாற் கண் சிறைப்படும்.

பாத்திரத்தையும் நினைக்க வேண்டும். கடைக்கண் உயர்ந்தால் வீரமும் சினமும்; தாழ்ந்தாற் சோகம். நீதி கேட்கும் கண்ணகிக்கு ஒருவிதம், புகாரில் மனையறம் நடத்தும் கண்ணகிக்கு வேறொருவிதம். ஒரே பெண்ணுக்கு இரண்டு கண் எழுத வேண்டிய இந்த இக்கட்டை எண்ணிப் பார்க்கும் மாணவி, அந்நேரத்தில் இளங்கோவடிகளையும் படித்துக்கொண்டிருக்கிறாள். எழுதி முடித்ததும் இன்னொருவரைப் பார்க்கச் செய்க. இருபது அடி தூரத்தில் நின்று, மேடையில் எரியவிருக்கும் விளக்கைப் போன்றதொரு விளக்கின்கீழ் அவர் பார்க்கட்டும். கண்ணாடி அண்மையை மட்டுமே காட்டும்.

எச்சரிக்கையும் வேண்டும். ஒப்பனைக்கே 'அரிதாரம்' என்று பெயர் தந்த மஞ்சட் கனியம் பாசாணமும் கந்தகமும் சேர்ந்த நஞ்சு. பண்டைய எகிப்தியர் கண்ணிற்கிட்ட கருமையிலும், இன்றும் சுர்மா என்று விற்கப்படும் சில பொடிகளிலும் ஈயம் உண்டு. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் ஈயத்திற்குத் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வீட்டு விளக்குக் கரியில் ஈயம் இராது. எனினும் அது கிருமி நீக்கப்பட்டதன்று. ஆகவே எந்த மையையும் இமையின் உள்விளிம்பில் இடாது, வெளியே மட்டும் எழுதுக. ஒருவருடைய மைக்கோலை மற்றவர் தொடுதல் ஆகாது. நாடகக் குழு முழுவதற்கும் ஒரே கோலைச் சுற்றவிடும் வழக்கத்தால் ஒரு கண்ணோய் பத்துப் பேருக்குப் பரவும். நாடகம் முடிந்ததும் கண்ணை மூடியபடி, தேங்காயெண்ணெய் தோய்த்த பஞ்சினால் மெல்ல ஒற்றித் துடைத்து முகத்தைக் கழுவுக. கண் எரிந்தால் அன்று வேடம் வேண்டாம்.

அழகு நிலையத்தை ஏன் மறுக்கிறேன்? அங்கு தொழில் செய்வோர்மீது எனக்குக் குறையில்லை. மணப்பெண்ணைப் புகைப்படத்திற்கு அணிசெய்வதில் அவர்கள் வல்லவர்கள். ஆயின் மணப்பெண்ணின் கண் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றாகவே எழுதப்படுகிறது. கண்ணகியும் மண்டோதரியும் சாவித்திரியும் அங்கிருந்து ஒரே பெண்ணாகத் திரும்பி வருகிறார்கள். அதனினும் பெரிய குறை பணம். ஒப்பனைக்குக் காசு கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளை, இந்த வழக்கம் வேரூன்றினால், வேடமே வேண்டாம் என ஒதுங்கிவிடும். விளக்குக் கரியோடு வந்த ஒரு பிள்ளையை ஒழுக்கத்தின் பெயரால் நான் ஒதுக்கினேன். இன்று பணத்தின் பெயரால் அதே பிள்ளை ஒதுக்கப்படலாகாது.

நமது பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக இருக்கிறது. ஒப்பனை பற்றி வினாத்தாளில் விடை எழுதும் மாணவர், ஒரு முகத்திலேனும் தம் கையால் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு நல்ல கண்ணாடி, ஒரு விளக்கு, நம்பத்தக்க மை சிறிது, ஆளுக்கொரு தூரிகை. பாடசாலை செய்ய வேண்டிய செலவு இவ்வளவே. ஆண்பிள்ளைகளும் இதைக் கற்கட்டும். இராவணனுக்கும் கண் உண்டு. தீர்ப்பு வழங்குவோரும் விலையைப் பாராது, அக்கண் பாத்திரத்திற்குப் பொருந்தியதா, கடைசி வரிசைக்கு எட்டியதா என்று பார்ப்பார்களாக.

என் பெறாமகளுக்கு என் விடை இதுதான்: மற்றக் கண்ணையும் எழுதி முடி, பிள்ளை. கைத்தொலைபேசியை மூடிவிட்டு, உன் கண்ணகி எந்த வாயிலில் நிற்கிறாள் என்று எண்ணி எழுது. நான் முற்றத்தின் எல்லையில் நின்று பார்த்துச் சொல்கிறேன்.

மற்றவளுக்கும் ஒரு சொல் உண்டு. இப்பத்திரிகை எங்கெங்கோ செல்கிறது. அவள் கண்ணிலும் படக்கூடும். மிக அருகே வந்த கோலைக் காணாத கண்ணைப் பற்றி வள்ளுவர் சொன்னது, அன்று உன் முன் கைக்குட்டையோடு நின்ற எனக்கே பொருந்தும். நீ எழுதியிருந்த கண் சரியானது. துடைத்தது என் பிழை.