தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் வைத்தியம்

டீசல் லாரியின் இன்ஜின் சூடேறினால் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட வேண்டும், குளிர்நாட்டு வண்டிகளுக்காகச் செய்யப்பட்ட அந்த வால்வு இங்குள்ள வெயிலில் தண்ணீரின் ஓட்டத்தை மறிக்க மட்டுமே பயன்படுகிறது என்ற எண்ணம் இந்தியாவின் லாரிப் பட்டறைகள் பலவற்றில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. மெக்கானிக் சொல்வதை ஓட்டுநர் நம்ப, ஓட்டுநர் சொல்வதை உரிமையாளர் நம்ப, கேள்வி கேட்பாரின்றி நிலைத்துவிட்ட இந்த எண்ணம் தவறானது. பழுது எங்கே இருக்கிறது என்று தேடும் வேலையையே தொடங்கவிடாமல் செய்வதால் தீங்கானதும்கூட.

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினிலிருந்து வெளியேறும் சுடுநீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் பொருத்தப்படும் சிறு வால்வு. அதன் உலோகக் குப்பிக்குள் அடைக்கப்பட்டிருக்கும் மெழுகு, கனரக டீசல் இன்ஜின்களில் பெரும்பாலும் 80 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகி விரியத் தொடங்கி, வால்வைச் சிறிது சிறிதாகத் தள்ளித் திறந்து, ஏறத்தாழ 95 டிகிரியில் முழுவதும் திறந்துவிடுகிறது. கோடையில் வெளிவெப்பம் 42 டிகிரியைத் தொட்டாலும் அது மெழுகு உருகும் நிலைக்கு வெகு கீழேயே நிற்கிறது. ஆகவே இன்ஜினை வேண்டிய சூட்டுக்குக் கொண்டுவர வெயில் நாட்டிலும் இந்த வால்வு தேவைப்படுகிறது. சூடேறிய இன்ஜினில் அது தானாகவே திறந்துகொள்வதால் ஓட்டத்தை மறிக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கும் அடிப்படை இல்லை. இதைவிட முக்கியமான இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டர்ப் பக்கம் போகாமல் நேராகப் பம்புக்குத் திரும்புவதற்கு பைபாஸ் எனப்படும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. பல லாரி இன்ஜின்களில், ரேடியேட்டர் வழி திறக்கத் திறக்க, தெர்மோஸ்டாட்டின் மறுபுறத்திலுள்ள இரண்டாவது தட்டு இந்தக் குறுக்குவழியை மூடிக்கொண்டே வந்து, சூடு உச்சத்தை அடையும்போது தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டருக்குள் செலுத்துகிறது.

வால்வைக் கழற்றியபின் அந்தக் குறுக்குவழியை மூட எதுவும் இல்லை. தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே, சுட்டது சுட்டபடி பம்புக்குத் திரும்பி மறுபடியும் சிலிண்டர்களைச் சுற்றப் போய்விடுகிறது. சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி முழுப் பாரத்துடன் தொப்பூர்க் கணவாயில் ஏறும் லாரிக்கு ரேடியேட்டரின் முழுத் திறனும் வேண்டியிருக்கும் அந்த நேரத்தில்தான் அதன் ஒரு பங்கு இப்படி வீணாகிறது; அதே லாரி பாரம் இறக்கிச் சமவெளியில் வெறும் வண்டியாக ஓடும்போதோ, தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவும் பாய்ந்துகொண்டிருப்பதால் இன்ஜின் வேண்டிய சூட்டையே அடைவதில்லை. குறுக்குவழி மிகக் குறுகலாக அமைந்த இன்ஜின்களில் ஏற்றத்தில் வரும் இழப்பு சிறிதாக இருக்கலாம், ஆனால் சமவெளியில் வரும் குளிர்ச்சியிலிருந்து அவற்றுக்கும் தப்பில்லை.

இவ்வளவு தெளிவான கேட்டுக்கு நடுவிலும் இந்த நம்பிக்கை நீடிப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மெழுகு கசிந்து போய் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சூடு உண்மையாகவே தணியும். புதிய வால்வு போட்டிருந்தாலும் தணிந்திருக்கும் என்பது அங்கே கவனிக்கப்படுவதில்லை. இரண்டாவதாக, கழற்றியபின் நடக்கும் வெள்ளோட்டம் பட்டறைக்கு அருகிலுள்ள சமதளச் சாலையில் பாரமின்றி நடக்கிறது. வால்வு இல்லாத இன்ஜின் மிகையாகக் குளிரும் நிலை அதுவே என்பதால், சூடு காட்டும் முள் கீழே இறங்கி நிற்பதைக் கண்டு அனைவரும் மனநிறைவு அடைகிறார்கள். பாரத்துடன் மேடேறும்போது சூடு திரும்பி வந்தால், பழி ரேடியேட்டர் மீதோ ஓட்டுநர் மீதோ விழுகிறது.

இந்த நம்பிக்கையை மறுப்பவர்களில் சிலர் கூறும் காரணமும் பிழையானது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் விரைந்து ஓடி, ரேடியேட்டரில் ஆறுவதற்கு நேரம் கிடைக்காது என்பது அவர்கள் வாதம். சுற்றோட்டத்தில் ஒரு துளி ஒரு முறை கடக்கும் நேரம் குறைந்தாலும் அது அடிக்கடி திரும்பி வருகிறது; வேகம் கூடும்போது குழாய்ச் சுவருக்கு வெப்பம் கைமாறுவதும் கூடுகிறது. சரியான முடிவைத் தவறான காரணத்தால் தாங்கினால், அந்தக் காரணம் உடைபடும் நாளில் முடிவும் சேர்ந்து உடையும்.

குளிர்ந்த இன்ஜின் நலமான இன்ஜின் என்ற நினைப்பே இத்தனைக்கும் வேர். டீசல் முழுமையாக எரிவதற்குச் சிலிண்டர்ச் சுவர் போதிய சூட்டில் இருக்க வேண்டும். இல்லாதபோது எரியாத டீசல் சுவரில் வழிந்து, அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. எரிதலில் பிறக்கும் நீராவியும் வெளியேறாமல் குளிர்ந்து நீராகி, ஆயிலில் தங்கிக் கசடாகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைமாசு நெறிகள் வந்தபின் இந்தக் கேடு இன்னும் கடுமையாகிவிட்டது. அந்த நெறிப்படி அமைந்த லாரிகளின் புகைப்போக்கியில் யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை நீக்கும் அமைப்பு, புகை ஏறத்தாழ 200 டிகிரி சூட்டை எட்டினால்தான் ஒழுங்காக இயங்கும். இன்ஜின் சூடு குறைந்தே நிற்பதைக் கண்டால் வண்டியின் கணினி அதைப் பழுதாகப் பதிவு செய்கிறது. வண்டித் தவணை கட்டிக்கொண்டிருக்கும் சிறு உரிமையாளர் இவ்வாறு தேய்ந்த சிலிண்டர் லைனருக்கும் கெட்டுப்போன ஆயிலுக்கும் கொடுக்கும் விலை, ஒரு புதிய தெர்மோஸ்டாட்டின் விலையோடு ஒப்பிடவே முடியாதது.

அப்படியானால் சூட்டின் காரணத்தை எங்கே தேடுவது? முள் காட்டுவது மெய்தானா என்று தொடாமலே வெப்பம் அளக்கும் கருவியால் சரிபார்த்தபின், ரேடியேட்டரின் மேல்தொட்டியையும் கீழ்த்தொட்டியையும் அளக்க வேண்டும். பாரத்தில் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் தண்ணீரின் ஓட்டம் குறைந்திருக்கிறது. தெர்மோஸ்டாட், பம்பின் இறக்கை, உறிஞ்சும் விசையில் ஒட்டிக்கொள்ளும் கீழ்ஹோஸ், உப்புநீர் ஊற்றி ஊற்றிச் சுண்ணாம்பு படிந்த குழாய்கள் ஆகியவை சந்தேகத்துக்கு உரியவை. தெர்மோஸ்டாட்டைச் சுடுநீரில் தொங்கவிட்டு, எந்த வெப்பத்தில் திறக்கிறது என்று பார்த்துவிடலாம். இரு தொட்டிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் கொதித்தால் குறை காற்றின் பக்கம். இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள இடுக்கில் அடைந்த புழுதி முன்னிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேன் கிளட்ச் நழுவினால் பெரும்பாலும் மேட்டில்தான் சூடேறும். அழுத்தம் தாங்காத ரேடியேட்டர் மூடி, தண்ணீரின் கொதிநிலையையே கீழே இறக்கிவிடும்.

ரேடியேட்டர்த் தொட்டியில் குமிழிகள் எழுந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவு கட்டி ஹெட்டை இறக்கிவிடும் வழக்கம் தனிக் கண்டனத்துக்கு உரியது. லாரியின் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்பிரசரும் பல வண்டிகளில் இன்ஜின் தண்ணீராலேயே குளிர்விக்கப்படுகிறது. அதன் சிறு கேஸ்கெட் கசிந்தால் காற்று தண்ணீருக்குள் புகுந்து அதே குமிழிகளை எழுப்பி, தண்ணீரை வெளியே தள்ளி, இன்ஜினைச் சூடேற்றும். காற்றுத் தொட்டிகள் நிறைந்து அன்லோடர் வால்வு காற்றை வெளியே விடும்போது குமிழிகள் அடங்கி, பிரேக்கை மிதித்து மிதித்துக் காற்றை இறக்கியபின் அவை மீண்டும் தோன்றினால், பழுது கம்பிரசரில் இருக்கிறது. ஹெட்டின் போல்ட்டுகளைத் தொட வேண்டியதில்லை.