பயிலரங்கிலிருந்து நீதவான் மன்றுக்கு

சட்டத்தரணிகளுக்கான மனித உரிமைப் பயிலரங்குகளுக்கு மட்டக்களப்பில் பஞ்சமில்லை. உலகளாவிய பிரகடனத்தில் தொடங்கிச் சமவாயங்களை வரிசையாக ஒப்புவிப்பார்கள். மதியச் சாப்பாட்டோடு பாதிப்பேர் கலைந்துவிடுவார்கள். மறுநாள் மன்றில் எழுந்து நிற்கும்போது அதில் எதுவும் கைகொடுப்பதில்லை.

பாடத்தை நம் மண்ணிலேயே தொடங்கலாம். 1993 ஜூலையில் சுற்றிவளைப்பொன்றில் பிடிபட்டு, கொம்மாதுறை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நல்லரத்தினம் சிங்கராசாவுக்குச் சிங்களம் தெரியாது. அவருடைய குற்ற ஒப்புதல் சிங்களத்தில் தட்டச்சானது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள், கீழே கைநாட்டு. அந்த ஒரு தாளை வைத்து 1995இல் 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் 35 ஆண்டானது. ஒப்புதல் பலவந்தமாகப் பெறப்பட்டது என்று எண்பிக்கும் சுமையை எதிரியின் தலையில் ஏற்றியது தவறு என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு சொன்னது. 2006இல் நமது உயர் நீதிமன்றமோ, அக்குழுவிடம் முறையிட வழிசெய்த நெறிமுறையில் 1997இல் ஜனாதிபதி இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று கதவைச் சாத்தியது.

இதைக் காட்டி, ‘சர்வதேசச் சட்டம் இங்கே எடுபடாது’ என்று கைவிரிக்கும் மூத்தவர்கள் உண்டு. சோம்பலுக்கு நல்ல சாட்டு அது. 2000இல் வீரவன்ச வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயத்தின் (ஐசிசிபிஆர்) 9ஆம் உறுப்புரையைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். சித்திரவதைக்கு எதிரான சமவாயம் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டமாக உள்ளே வந்தாயிற்று. ஆகக்குறைந்த தண்டனை 7 ஆண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 2022 திருத்தப்படி, தடுப்புக் கட்டளையின் பிரதி 48 மணி நேரத்துக்குள் நீதவானுக்குப் போகவேண்டும். அவர் தடுப்பிடத்துக்கு நேரில் சென்று முறைப்பாட்டைப் பதியவேண்டும். சித்திரவதை நடந்திருப்பதாகத் தோன்றினால் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பவேண்டும். (எண்பிக்கும் சுமையை எதிரியின் தலையில் ஏற்றிச் சிங்கராசாவைச் சிறைக்கு அனுப்பிய 16ஆம் பிரிவை அந்தத் திருத்தம் தொடவில்லை.)

ஆரையம்பதியில் ஒருவரைப் பிடித்தால் வீட்டார் முதலில் ஓடுவது காத்தான்குடிப் பொலிசுக்கு. பிறகு கல்லடிப் பாலம் கடந்து நம்மிடம். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான்; அதுவும் கொழும்பில், புதுக்கடையில். பஸ் காசுக்கே அல்லாடும் குடும்பத்துக்கு அந்த மாதம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் அந்த மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆட்கொணர்வு மனுவை அரசியலமைப்பின் 154பி(4)இன் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம். இளம் சட்டத்தரணிக்கு இவை விரல் நுனியில் இருக்கவேண்டும்.

ஆகவே பயிலரங்கில் விரிவுரையைக் குறைத்து எழுத வையுங்கள். விளக்கமறியல் தவணையில் காயத்தைப் பதியக் கோரும் நகர்த்தல் பத்திரம் ஒன்று. பொலிசார் அறைக்கு வெளியே நிற்க, இஸ்தான்புல் நெறிமுறைப்படி வைத்தியப் பரிசோதனை நடக்க வேண்டும் என்ற விண்ணப்பம் ஒன்று. நல்ல மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு இன்னொன்று. நீதவான் மறுத்தாலும் கேட்டது வழக்கேட்டில் ஏறும். மேன்முறையீட்டில் அதுதான் பேசும்.

அடுத்து எந்தப் பயிலரங்குக்குப் பெயர் கொடுத்தாலும், குறிப்புப் புத்தகத்தோடு உங்கள் வழக்குக் கோவை ஒன்றையும், ஆள் பெயர்களை மறைத்து, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.