அலமாரியில் தூங்கும் நாவல்! கதை எழுதுவோர் கவனத்துக்கு...

காலை 7 மணி. தாம்பரம் ரெயில் நிலையம். கடற்கரை செல்லும் மின்சார ரெயில் புறப்படத் தயாராக நிற்கிறது. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் ஏறுகிறது. உட்கார்ந்தவர் கையிலும் செல்போன். நிற்பவர் கையிலும் செல்போன்!

அதில் என்ன பார்க்கிறார்கள்? ஒருவர் சினிமாப் பாட்டு கேட்கிறார். இன்னொருவர் கிரிக்கெட் பார்க்கிறார். ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் தொடர்கதை படிக்கிறார். அவருக்கு எதிரே இருப்பவரின் விரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் கதை எழுதுகிறார்!

ஆம். கதை எழுத இன்று மேஜை வேண்டாம்; பேனாவும் வேண்டாம். தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்குள் 300 வார்த்தை எழுதலாம். நாள்தோறும் எழுதினால் 100 நாளில் 30 ஆயிரம் வார்த்தை. ஒரு சிறிய நாவல் தயார்!

சரி, எழுதியாயிற்று. யார் படிப்பார்கள்? அதுதான் கேள்வி.

அன்றும் இதே கவலை

இந்தக் கவலை புதியது அல்ல. தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையருக்கும் இருந்தது. அவர் ஏடுகளைத் தேடி எடுத்து, சீவக சிந்தாமணியை 1887-ம் ஆண்டு அச்சில் கொண்டு வந்தார். காகிதத்துக்கும் அச்சுக் கூலிக்கும் பணம் வேண்டுமே! என்ன செய்தார்? புத்தகம் வரும் முன்பே, வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர்களிடம் கையொப்பம் வாங்கினார். முதலில் வாசகரைச் சேர்த்தார். பிறகு புத்தகம் வந்தது.

கல்கி 1950-ம் ஆண்டு "பொன்னியின் செல்வ"னைத் தொடங்கினார். வாரம் தவறாமல் கதை வந்தது. வீடுதோறும் பத்திரிகைக்குக் காத்திருந்தார்கள். பத்திரிகை இடம் கொடுத்தது. வாசகர் நெஞ்சில் இடம் கொடுத்தார்கள்.

புதிய எழுத்தாளருக்கு அந்த இடம் எளிதில் கிடைத்ததா? இல்லை. கதையை அனுப்பிவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பல நாள் கழித்துக் கதை திரும்பி வரும். பிறகு அது அலமாரியில் தூங்கும்.

கதவு திறந்தது

இன்று அந்த நிலை மாறிவிட்டது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1985-ம் ஆண்டு "முரசு அஞ்சல்" என்ற மென்பொருளை உருவாக்கிக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத வழி செய்தார். 1998-ம் ஆண்டு பொங்கல் நாளில் "மதுரைத் திட்டம்" தொடங்கியது. பழைய தமிழ் நூல்கள் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்தன. 1999-ம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி "தமிழ் 99" என்ற விசைப்பலகை வந்தது.

2014-ம் ஆண்டு பெங்களூரில் தோன்றிய "பிரதிலிபி"யில் யார் வேண்டுமானாலும் தமிழில் கதை வெளியிடலாம். 2016 டிசம்பரில் அமேசானின் "கிண்டில்" கடையில் தமிழ்ப் புத்தகங்களும் விற்பனைக்கு வந்தன. இன்று எழுத்தாளரே தம் நூலை அங்கே ஏற்றலாம். ஏற்றுவதற்குக் கட்டணம் கிடையாது. விற்றால், நிபந்தனைகளுக்கு ஏற்ப 35 சதவீதமோ 70 சதவீதமோ ராயல்டி உண்டு.

நாகர்கோவிலில் வசிக்கும் எழுத்தாளர் ஜெயமோகன் என்ன செய்தார், பாருங்கள். மகாபாரதக் கதையை "வெண்முரசு" என்ற பெயரில் 2014 ஜனவரியில் இன்டர்நெட்டில் எழுதத் தொடங்கினார். நாள்தோறும் ஒரு அத்தியாயம்! படிக்கக் காசு கிடையாது. 2020-ம் ஆண்டு முடித்தபோது அது 26 நாவல்களாக வளர்ந்திருந்தது. அவர் முன்பே பெயர் பெற்றவர்தான். ஆனாலும் நாள் தவறாமல் வந்தாரே, அதைக் கவனியுங்கள்.

ஷட்டரைத் தூக்கினால் போதுமா?

தாம்பரம் கடைத்தெருவில் ஒருவர் புதிதாகக் கடை வைக்கிறார். ஷட்டரைத் தூக்கியதுமே கூட்டம் வந்துவிடுமா? வராது. சரக்கு நன்றாக இருக்க வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் கடை திறக்க வேண்டும். வந்தவரிடம் நாலு வார்த்தை பேச வேண்டும்.

எழுத்துக்கும் அதே கதைதான். "என் கதையைப் படியுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினால் சலிப்புதான் வரும். பிறர் கதையைப் படியுங்கள். நல்லது கண்டால் பாராட்டுங்கள். உங்கள் கதையில் குறை சொன்னால் கோபப்படாதீர்கள்.

அமெரிக்காவில் ஆண்டி வீர் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் இருக்கிறார். செவ்வாய் கிரகத்தில் தனியே சிக்கிய மனிதனின் கதையைத் தம் இன்டர்நெட் பக்கத்தில் அத்தியாயம் அத்தியாயமாக, இலவசமாக வெளியிட்டார். விஞ்ஞானம் தெரிந்த வாசகர்கள் பிழைகளைச் சொன்னார்கள். அவர் திருத்திக்கொண்டார். வாசகர்கள் கேட்டதால் 2011-ம் ஆண்டு 99 சென்ட் விலைக்கு கிண்டிலில் விட்டார். 2014-ல் பெரிய பதிப்பகம் அச்சிட்டது. 2015-ல் சினிமாவும் வந்தது! எல்லோருக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. ஆனால் வாசகர் சொல்லைக் கேட்பது எல்லோராலும் முடியும்.

நகையை அடகு வைக்காதீர்கள்!

ஆசை உள்ள இடத்தில் ஆசை காட்டுவோரும் உண்டு. "உங்கள் நாவல் அருமை! 30 ஆயிரம் ரூபாய் கட்டுங்கள். புத்தகம் போடுகிறோம், விருதும் தருகிறோம்" என்று செய்தி வரும். உடனே மனைவியின் வளையலைக் கழற்றாதீர்கள்.

காசு கொடுத்து அச்சிடுவது குற்றம் அல்ல. ஆனால் கணக்குக் கேளுங்கள். எத்தனை பிரதி? எந்தக் கடையில் விற்பார்கள்? விற்காத பிரதி யாருக்கு? எழுத்தில் பதில் வாங்குங்கள். புத்தகத்தின் பின் அட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று சிலர் தனியாகப் பணம் கேட்பார்கள். இந்தியாவில் அந்த எண்ணை மத்திய சர்க்காரின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம்.

பணம் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது சைபர் மோசடிப் புகாருக்கான எண்.

உரிமை உங்களுடையது

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, கதையை எழுதியவுடனே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயம் அல்ல. உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உங்கள் வாரிசுகளுக்கு உரிமை உண்டு. இன்று நீங்கள் எழுதும் கதை, நாளை உங்கள் பேரனுக்குச் சொத்து!

உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்கக் கையெழுத்திட்ட பத்திரம் வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அதில் எழுதவில்லை என்றால், 5 ஆண்டு என்றே சட்டம் கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லை என்றால், இந்தியாவுக்கு மட்டும்தான். ஆகவே படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். செல்போனில் "சம்மதம்" என்று தட்டுவதும் உங்களைக் கட்டுப்படுத்தும். ஆங்கிலம் புரியாவிட்டால், கல்லூரியில் படிக்கும் பிள்ளையை அருகில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

ஒரே இரவில் போனது!

2020 ஜூன் 29-ந் தேதி மத்திய சர்க்கார் "டிக்டாக்"கைத் தடை செய்தது. அங்கே ரசிகர்களைச் சேர்த்திருந்தவர்கள் ஒரே இரவில் அவர்களை இழந்தார்கள். பிறர் வீட்டுத் திண்ணையில் கடை போட்டால் இதுதான் ஆபத்து. வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் நாம் தெருவில்!

ஆகவே கதையின் பிரதியை வேறு இரண்டு இடங்களிலாவது பத்திரப்படுத்துங்கள். ஒரே இடத்தை நம்பாதீர்கள். வாசகர்கள் உங்களை வந்தடைய ஈ-மெயில் முகவரி ஒன்றை எப்போதும் கொடுத்து வையுங்கள். வீட்டு முகவரியையும் பிள்ளைகளின் பள்ளியையும் மட்டும் வெளியே சொல்லாதீர்கள்.

முதல் வாசகர் யார்?

எழுதுகிறவர்கள் வேலையை விட்டுவிட வேண்டாம். ராயல்டி அரிசி வாங்க உதவலாம். வீட்டு வாடகைக்கு அதை நம்ப முடியாது.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவோ, அண்ணனோ, மருமகளோ சமையல் முடிந்த பிறகு செல்போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தால், "எப்போது பார்த்தாலும் இதுதானா?" என்று கடிந்துகொள்ளும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "கதை எழுதுகிறாயா? படித்துக் காட்டு, கேட்கிறேன்!"

உலகம் முழுவதும் வாசகர்கள் இருக்கலாம். முதல் வாசகர் வீட்டில்தான் இருக்கிறார்.