அனுப்பிவைக்க இன்னொரு கோள் இல்லை

1992இல் உலகின் கால்வாசிக்கும் அதிகமான பகுதி ஓர் இந்தியனின் ஆட்சிக்குள் வந்தது. ஆசியாவிலிருந்து மத்தியக் கிழக்குவரை அவன் வைத்ததே சட்டம். நான்கு ஆண்டுகள் ஆண்டபின், 1996இல் தோற்றுப்போய், கூட்டாளிகளுடன் விண்கலம் ஏறித் தப்பினான். பெயர் கான் நூனியன் சிங்.

இப்படி ஒருவன் நினைவுக்கு வரவில்லையென்றால் ஞாபகசக்தியைக் குறைசொல்ல வேண்டாம். இது 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் எழுதிய சரித்திரம். 1967 பிப்ரவரி 16 அன்று ஒளிபரப்பான 'ஸ்பேஸ் ஸீட்' எபிசோடில் வருகிறது. 1980களில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷன் புண்ணியத்தில் இந்தத் தொடரைப் பார்த்தவர்களுக்கு கேப்டன் கிர்க்கும் கூர்காது ஸ்பாக்கும் பழைய சிநேகிதர்கள்.

கதை எளிது. எதிர்காலத்தில் பயணம் செய்யும் என்டர்பிரைஸ் கப்பல், விண்வெளியில் அனாதையாக மிதக்கும் பழைய கலம் ஒன்றைக் காண்கிறது. உள்ளே, பல தலைமுறைகளாக உறைதூக்கத்தில் கிடக்கும் மனிதர்கள். தேர்ந்தெடுத்த இனவிருத்தியால் உருவான, மூளையில் நம்மை மிஞ்சியவர்கள், உடல் பலத்தில் நம்மைவிட ஐந்து மடங்கு வலியவர்கள். தலைவன் கான் விழிக்கிறான். உயிர் கொடுத்தவர்களின் கப்பலையே கைப்பற்றுகிறான்.

ஹாலிவுட்டின் இந்திய ஞானம் சிரிப்பை வரவழைக்கும். பெயரில் கான் பாதி, சிங் பாதி. வட இந்தியன், அநேகமாகச் சீக்கியன் என்று ஒரு பாத்திரம் ஊகிக்கிறது. ஆனால் முகத்தில் தாடி கிடையாது. நடித்த ரிக்கார்டோ மாண்டல்பான் மெக்சிகோவில் பிறந்தவர். 2013இல் வந்த திரைப்படத்தில் கானாக நடித்தவரோ ஆங்கிலேயரான பெனடிக்ட் கம்பர்பாட்ச்.

சிரித்து முடித்தபின் மனதில் நிற்பவை இரண்டு விஷயங்கள். வந்திருப்பவன் பழைய சர்வாதிகாரி என்று தெரிந்தபின், ஆலோசனை அறையில் கப்பலின் அதிகாரிகள் பேசிக்கொள்கிறார்கள். அவன் ஆட்சியில் படுகொலைகள் இல்லையாம். சர்வாதிகாரிகளில் அவன் பரவாயில்லையாம். கிர்க்கின் குரலிலேயே ஒரு மெல்லிய ரசனை. மனித ரத்தம் பாதியே ஓடும் ஸ்பாக் மட்டும் திகைத்துப்போகிறான். இரண்டாவது, கானுக்குக் கப்பலைத் திறந்துவிடுபவள் யார் என்பது. படை வீரர் அல்ல. கப்பலின் சரித்திர ஆசிரியை. கடந்தகாலத்தைக் கற்றவள்தான் கடந்தகாலத்தின் முரட்டு நாயகனிடம் மயங்குகிறாள். கானின் பலம் அவன் தசையில் மட்டும் இல்லை. அவனைப் பார்த்து வியப்பவர்களின் கண்களிலும் இருக்கிறது.

இந்த எபிசோடை இன்று மும்பையின் மாஹிமில் உட்கார்ந்து மறுபடி பார்க்கும் ஒருவருக்கு '1992' என்ற எண் வேறு மாதிரி ஒலிக்கும். மாஹிம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே தாராவி. தோல் பதனிடும் தொழிலோடு திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும், அதே சீமையிலிருந்து பிழைக்க வந்த மற்றத் தமிழர்களும் குடியேறிய இடம். மேற்கே மக்தூம் அலி மாஹிமி தர்கா. புதன்கிழமை நொவேனாவுக்கு எல்லா மதத்தினரும் கூடும் செயின்ட் மைக்கேல் தேவாலயம்.

அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பர் 6 அன்றே, அதைக் கொண்டாடி சிவசேனையினர் 200, 300 பேர் தாராவிக்குள் ஊர்வலம் போனார்கள். அவர்கள் விண்கலத்தில் வரவில்லை, சைக்கிளில் வந்தார்கள். டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் பம்பாய் எரிந்தது. இறந்தவர்கள் 900 பேர்: 575 முஸ்லிம்கள், 275 இந்துக்கள், மற்றவர்களும் அடையாளம் தெரியாதவர்களும் 50 பேர். 1993 மார்ச் 12 அன்று தொடர் குண்டுவெடிப்புகள் 257 உயிர்களைப் பறித்தன. அன்று மாஹிம் மீனவர் குடியிருப்பின் மீதும் கையெறி குண்டுகள் விழுந்தன. இதற்கெல்லாம் ஐந்து மடங்கு வலிமை யாருக்கும் தேவைப்படவில்லை. 'நம்மைக் காப்பாற்ற ஒரு முரடன் வேண்டும்' என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

இந்தக் கதையிலும் ஒரு சரித்திர ஆசிரியர் உண்டு. கலவரத்தை விசாரிக்க 1993 ஜனவரியில் நியமிக்கப்பட்ட நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா. கற்பனைக் கான் பூமியை விட்டு ஓடிய அதே 1996இல், ஜனவரி மாதம், சிவசேனை–பா.ஜ.க. மாநில அரசு அவரது கமிஷனைக் கலைத்தது; மே மாதம் அது மீண்டும் உயிர் பெற்றது. 1998 பிப்ரவரி 16 அன்று அறிக்கை தாக்கலானது. 'ஸ்பேஸ் ஸீட்' ஒளிபரப்பாகி அன்றைக்குச் சரியாக 31 ஆண்டுகள். ஜனவரி 8 முதல் நடந்த திட்டமிட்ட தாக்குதல்களுக்குச் சிவசேனையே தலைமை தாங்கியது, பால் தாக்கரே அனுபவமிக்க தளபதியைப் போல வழிநடத்தினார் என்று அறிக்கை சொன்னது. காவல்துறையின் பாரபட்சத்தையும் எழுதியது. அரசு அதை ஏற்க மறுத்தது. ஆனாலும் எழுதியது எழுதியதுதான். கப்பலின் ஆசிரியை செய்யத் தவறிய வேலை இதுவே: மயங்காமல் குறித்துவைப்பது.

சொன்ன 1990களில் கான் வராததால் தொடரின் தயாரிப்பாளர்களுக்குச் சங்கடம். புதிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரொன்று 2023இல் காலப்பயணக் குழப்பத்தைக் காரணம் காட்டி அவன் காலத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. கதைக்கு அந்தச் சலுகை உண்டு.

கிர்க்குக்கும் ஒரு சலுகை கிடைத்தது. கடைசியில் அவன் கானைச் சிறையில் அடைக்கவில்லை. ஆளில்லாத ஒரு முரட்டுக் கோளில் கூட்டாளிகளோடு இறக்கிவிடுகிறான். ஆசிரியையும் கூடவே போகிறாள். பிரச்சினை முடிந்தது. மாஹிமுக்கும் தாராவிக்கும் அப்படி அனுப்பிவைக்க இன்னொரு கோள் இல்லை. பலர் வீட்டை விற்று வேறு பேட்டைகளுக்குப் போனார்கள். போக வழியில்லாதவர்களில், அடித்தவனும் அடிபட்டவனும் அதே சந்துக்கும் அதே தண்ணீர்க் குழாய்க்கும் திரும்பி வந்தார்கள்.

அங்கிருந்துதான் மொஹல்லா கமிட்டிகள் வேலையைத் தொடங்கின. தாராவியில் வக்கார் கானும் பாவ் கோர்டேயும் ஒரு சுவரொட்டியைப் பரப்பினார்கள். பூசாரி, மௌல்வி, பாதிரியார், சீக்கியர் என வேடமணிந்த நான்கு சிறுவர்களின் படம். 'நாம் எல்லோரும் ஒன்று' என்று இந்தியில் ஒரு வரி. அந்தச் சிறுவர்களில் ஒருவனும் அதிமனிதன் இல்லை.