பனி மூடும் பண்ணைப் பாதைக்கு எந்தக் கருவி?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மகன் பால் பண்ணை நடத்துவதாகவும், சாலையிலிருந்து பண்ணைக்கு வரும் 200 மீட்டர் ஜல்லிப் பாதையைப் பனி மூடிவிட்டால் பால் டேங்கர் உள்ளே வர முடியவில்லை என்றும், எந்தக் கருவி வாங்கலாம் என்றும் வாசகர் ஒருவர் கேட்டுள்ளார்.

3 மீட்டர் அகலப் பாதையில் ஓர் அடி பனி விழுந்தால் சுமார் 180 கன மீட்டர் சேரும். கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் 18 டன். இது ஆள் கொண்டு அள்ளும் வேலையல்ல.

டிராக்டரில் மாட்டும் தள்ளுபலகை விலை குறைவு. வேலையும் வேகமாக முடியும். ஆனால் ஒதுக்கிய பனி இருபுறமும் கரைபோல் உயர்ந்து, நாளாக ஆகப் பாதை குறுகிவிடும். பனி அதிகம் விழும் இடத்துக்கு, நம்மூர் ரோட்டவேட்டர் போல பி.டி.ஓ. விசையில் ஓடும் பனி வீசும் கருவியே ஏற்றது. அது பனியைத் தூர வீசிவிடும். டிராக்டரின் குதிரைத்திறனுக்கு ஏற்ற அளவில் வாங்க வேண்டும். தரையை உரசி ஓடும் சிறிய கைக்கருவிகள் ஜல்லியை வாரி அடிக்கும். அவை தளமிட்ட கெட்டியான தரைக்கு மட்டுமே. பெரிய கருவியிலும் அடித்தாங்கியைச் சற்று இறக்கி, கருவி தரையிலிருந்து உயர்ந்து நிற்கும்படி வைப்பது அவசியம்.

பனி அடைத்துக்கொண்டால் இன்ஜினை நிறுத்தி, சுழலும் பாகம் நின்ற பிறகு கம்பால் மட்டுமே எடுக்க வேண்டும். கையை விட்டால் விரல் போய்விடும். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. அதன் புகை உயிருக்கே ஆபத்து.